தீப்பந்தம் பிடிப்பவருக்குப் பங்கு கிடையாது

இயேசு மரி சூசை துணை

திருவெறும்பூர்,
17 நவம்பர் 1985, ஞாயிறு மாலை.

பெருமதிப்பிற்குரிய தைரியராஜ் சித்தப்பாவுக்கு, தங்கள் அண்ணன் மகள் அக்னஸ் பணிவோடு எழுதுவது.

நடந்தவை அனைத்தையும் நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இதே விஷயத்தை அப்பாவும் தங்களுக்கு எழுதக்கூடும். அதில் அவர் வீரமாகப் போரிட்டதாக இருக்கும். தாங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவும். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தங்களுக்கும் தங்கள் கப்பலுக்கும் எந்தக் குறையும் இல்லாதிருக்க தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறோம்.

அமெரிக்கத் துறைமுகத்தில் வாங்கி நண்பர் மூலம் தாங்கள் அனுப்பிய விளையாட்டுப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த பகடைகளைப் பார்க்க எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இருபது முகப் பகடையை அப்பா வெர்னியர் வைத்து அளந்துவிட்டு, "மெஷினிங் சுத்தமா இருக்கு" என்று ஒப்புதல் கொடுத்தார். நான்கு முகப் பகடை எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்தே நிற்கும் என்பதை அம்மா காபி டம்ளர்களோடு வரும்போது உள்ளங்காலால் கண்டுபிடித்தாள்.

விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். பலகையும் இல்லை, காய்களும் இல்லை. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் குகைக்குள் போய், பூதத்தோடு சண்டை போட்டு, புதையல் எடுத்து வர வேண்டும். சண்டையில் நான்கு வேலைகள் உண்டு. ஒருவர் கேடயத்தோடு முன்னால் நின்று அடிகளையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் பின்னால் நின்று மந்திரத்தால் மின்னல் விட வேண்டும். ஒருவர் காயத்தை ஆற்ற வேண்டும். ஒருவர் ஓசையில்லாமல் போய்ப் பூட்டுகளைத் திறந்து, சமயம் பார்த்து எதிரியை முதுகில் குத்த வேண்டும். இந்த நால்வரில் ஒருவர் தன் வேலையைச் செய்யாவிட்டாலும் நால்வரும் சாவார்கள் என்று புத்தகம் தடித்த எழுத்தில் எச்சரிக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

கீழ் வீட்டு சண்முகசுந்தரம் மாமாவைத் தங்களுக்கு நினைவிருக்கும். அப்பாவும் அவரும் ஒரே நாளில் ஆலையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, கல்யாணத்துக்கு முன்னால் ஒரே அறையில் தங்கி, ஒரே சைக்கிளை மாற்றி மாற்றி மிதித்தவர்கள். அப்பா டர்னர், மாமா எலெக்ட்ரீஷியன். அப்பா ஒரு சங்கம், மாமா இன்னொரு சங்கம். சம்பள ஒப்பந்தத்தில் மாமாவின் சங்கம் கையெழுத்துப் போட்டது, அப்பாவின் சங்கம் போடவில்லை. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. அவர்கள் பேசாததைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை, பெரியவர்கள். ஆனால் மாமாவின் மகள் சகுந்தலா என் வகுப்பு, என் பெஞ்ச், என் உயிர்த் தோழி. அவள் எங்கள் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது, நான் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. அதோடு முடியவில்லை. மாமா வேறு செக்டாருக்கு வீடு மாற்றிக்கொள்ள விண்ணப்பம் எழுதி, திங்கட்கிழமை கொடுப்பதற்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அங்கே போனால் சகுந்தலா வேறு பள்ளிக்கூடம். ஆகவே திங்கட்கிழமைக்குள் இருவரையும் பேசவைத்தாக வேண்டும். அதற்கு ஒரு பூதம் தேவைப்பட்டது.

இன்று பிற்பகல், பகடையைப் பார்க்கிற சாக்கில் மாமா எங்கள் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவின் நண்பர் ராமானுஜம் சார் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்தார். ஆலையில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர், எந்தச் சங்கத்திலும் இல்லாதவர். அவர்தான் எழுந்து போய், "வாசல்ல நிக்கறது வாட்ச்மேன் டூட்டிங்காணும், உள்ள வாரும்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார். எதிர் வீட்டு மும்தாஜ் ஆன்ட்டி, ஆலை ஆஸ்பத்திரியில் நர்ஸ், அம்மா சுடும் பஜ்ஜி வாசனைக்கு வந்து தானாகவே உட்கார்ந்தார். நால்வர் ஆகிவிட்டது. சகுந்தலா வெளியே படிக்கட்டில் வரலாற்றுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்கு வேலைகளையும் வாசித்துக் காட்டினேன். அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதுல சீனியர் யாரு?" என்பது. புத்தகத்தில் சீனியாரிட்டி என்று எதுவும் இல்லை என்றேன். "சீனியாரிட்டி இல்லாம எப்படிம்மா குகைக்குள்ள போறது, வரிசைன்னு ஒண்ணு வேணாமா? முன்னாடி நிக்கிறவர்தான் சீனியர். அதை எனக்குப் போடு" என்றார். மாமா என்னைப் பார்த்து, "ஒரே நாள்ல சேந்தவங்களுக்குள்ள யாரு சீனியர்னு உங்கப்பாவைக் கேளும்மா" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "ஆலை கேட்டுக்குள்ள முதல்ல காலை வெச்சது யாருன்னு அவரைக் கேளும்மா" என்றார். இரண்டடி இடைவெளியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் நான் இப்படியே இரண்டு பக்கமும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முன்னால் நிற்பவர் அப்பா, மின்னல் விடுபவர் மாமா, காயம் ஆற்றுபவர் மும்தாஜ் ஆன்ட்டி என்று ஆகி, திருடன் வேலை ராமானுஜம் சாருக்கு மிஞ்சியது.

"அடியேன் திருடனா?" என்றார் அவர். "ஸ்டோர்ஸ்லேர்ந்து ஒரு வாஷர் வெளில போனதில்லை. கேட் பாஸ் இல்லாம என் நிழலே வெளில வராது. ஆத்துல தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பா?" நான் அந்த வேலையின் பெயரைப் பூட்டு நிபுணர் என்று மாற்றிக் கொடுத்தேன். சாந்தமானார். முதுகில் குத்துவது மட்டும் அபசாரம், அதைச் செய்ய முடியாது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

அடுத்து, குகை எங்கே இருக்கிறது என்பது. புத்தகத்தில் இருந்த மலையின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. திருவெள்ளறைப் பாறைக்கு அடியில் என்றேன். "பெருமாள் இருக்கற இடத்துல பூதமா?" என்றார் ராமானுஜம் சார். சமயபுரம் பக்கம் என்றேன். "ஆத்தாளை வெச்சு விளையாடினேன்னு தெரிஞ்சா எங்க வீட்டுல எனக்குச் சோறு கிடையாது" என்றார் மாமா. ஆலைக் கேன்டீனுக்கு அடியில் என்றேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. "இருக்கும்" என்றார் மும்தாஜ் ஆன்ட்டி.

கேன்டீனுக்கு அடியில் இருட்டு. யார் தீப்பந்தம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். சித்தப்பா, பூதம் வருவதற்கு முன்பே ஆட்டம் இந்த இடத்தில் நின்றுவிட்டது. அப்பாவுக்கு ஒரு கையில் வாள், ஒரு கையில் கேடயம். மாமாவுக்கு மந்திரம் போட இரண்டு கையும் காலியாக வேண்டும். ஆன்ட்டிக்கு ஒரு கையில் தடி, ஒரு கையில் மருந்துப் பை. ராமானுஜம் சார், "நான் இருட்டுல ஒளிஞ்சு போறவன். கையில வெளிச்சத்தைக் குடுத்தா எல்லாரும் என்னைப் பாத்துட மாட்டாளா?" என்றார், அது நியாயம்தான். "வெளிச்சம்னா எலெக்ட்ரிகல் வேலைதானே, கேட்டுச் சொல்லு" என்றார் அப்பா. "ஒயர் இருந்தாத்தான் எலெக்ட்ரிகல். தீப்பந்தம் சிவில்ல வரும்னு சொல்லு" என்றார் மாமா. சிவிலில் யாரும் வந்திருக்கவில்லை. அப்போது விதிப்புத்தகத்தில் ஒரு வழி கண்டேன். சண்டையில் வேலை எதுவும் இல்லாத ஒருவரைத் தினக்கூலிக்கு வைத்து விளக்குப் பிடிக்கச் சொல்லலாம். அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, "லூர்து, நீ கொஞ்சம் தீப்பந்தத்தைப் பிடிச்சுக்க. அங்கேருந்தே பிடிச்சாப் போதும், எழுந்து வர வேணாம்" என்றார். அம்மா எண்ணெயைப் பார்த்தபடியே, "சரி" என்றாள்.

இப்படியாக ஐவரும் உள்ளே போனார்கள். முதல் அறையில் ஒரு பூட்டிய பெட்டி. ராமானுஜம் சார் இன்டென்ட், அதாவது ஸ்டோர்ஸில் பொருள் கேட்டு எழுதும் சீட்டு, இல்லாமல் திறக்க மறுத்தார். நான் இன்டென்ட் எழுதிக் கொடுத்தேன். மூன்று நகல் கேட்டார். இரண்டாவது அறையில் குட்டிச்சாத்தான்கள் அப்பாவைச் சூழ்ந்து அடித்தன. அப்போதுதான் சீனியர் என்றால் எல்லா அடியும் தனக்கே என்பது அப்பாவுக்குப் புரிந்தது. பகடையைக் கீழே வைத்துவிட்டு, "அடி வாங்குறதுக்குத் தனி அலவன்ஸ் உண்டான்னு நிர்வாகம் தெளிவுபடுத்தணும்" என்றார். யார் நிர்வாகம் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். அதற்குப் பிறகு யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஆன்ட்டிகூட. காயம் ஆற்றச் சொன்னபோது ஆன்ட்டி, "சண்டை நடக்கிற இடத்துக்கு நான் எப்படிங்க வர்றது? பேஷன்ட் நடந்து வரட்டும், வரிசையில நிக்கட்டும்" என்றார். வரிசையில் அப்பா ஒருவர்தான். "முந்தி எப்பவாவது குட்டிச்சாத்தான் அடிச்சிருக்கா?" என்று விசாரித்து, எல்லாக் காயத்துக்கும் ஒரே வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார்.

மூன்றாவது இடம் நீளமான சுரங்கம். அதன் முடிவில் பூதம். பூதத்துக்குப் பின்னால் சுவர், சுவரோரம் புதையல் பெட்டி. அப்பா முன்னால் போனார், பூதம் கதாயுதத்தால் அடித்தது, கேடயம் போயிற்று. ராமானுஜம் சார் நிழலோடு நிழலாகப் பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். புத்தகப்படி அந்த நேரத்தில் முதுகில் குத்தினால் இரண்டு மடங்கு அடி. அவர் பூதத்தின் தோளை லேசாகத் தட்டி, "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பறேளா" என்றார். பூதம் திரும்பியது. மீதியை எழுத வேண்டாம். ஆன்ட்டியிடம் மாத்திரை தீர்ந்துவிட்டது. அப்பாவுக்கு இன்னும் ஒரே அடி, அதோடு சரி.

"மின்னலை விடச் சொல்லு" என்றார் அப்பா என்னிடம். மாமா பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "லைன் கிளியர் இல்லாம விட முடியாதுன்னு சொல்லு" என்றார். நான் அர்த்தம் கேட்டேன். மாமா விளக்கினார், அதுவும் என்னிடம்தான், ஆனால் சத்தமாக. லைனில் ஓர் ஆள் நின்று வேலை செய்யும்போது கரன்ட் கொடுக்கக்கூடாது. நின்ற ஆள் விலகி வந்து, தன் வாயால் லைன் கிளியர் என்று சொன்ன பிறகுதான் ஸ்விட்சில் கை வைக்கலாம். "மூணாவது ஆள் வந்து சொன்னாச் செல்லாது. அவசரத்துக்கும் செல்லாது. இத்தனை வருஷத்துல நான் அப்படிப் போட்டதில்லை, பூதத்துக்காகவும் போட மாட்டேன். லைன்ல நிக்கிறவரு என்கிட்ட நேரா சொல்லணும்."

படிக்கட்டிலிருந்து சகுந்தலா எழுந்து, தன்னை அறியாமல் எங்கள் நிலைப்படி வரை வந்துவிட்டாள். புத்தகப்படி பூதத்தின் முறை வந்துவிட்டது. நான் பகடையை எடுத்தேன், ஆனால் உருட்டவில்லை, என்னால் முடியவில்லை. அப்பா பூதம் இருப்பதாக நான் சொன்ன இடத்தை, அதாவது எங்கள் தையல் மெஷினை, முறைத்துப் பார்த்தார். பிறகு கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியோடு மாமாவின் பக்கம் திரும்பி, "டேய் சண்முகம், விலகிட்டேன்டா. லைன் கிளியர். போட்டுத் தொலை" என்றார்.

மாமா உடனே போடவில்லை. "திரும்பச் சொல்லு" என்றார்.

"லைன் கிளியர்டா."

"ஆறு மாசம் ஆச்சுடா இதைச் சொல்ல உனக்கு" என்று சொல்லிக்கொண்டே மாமா பகடைகளைக் கொட்டினார். கண் கலங்கியிருந்ததற்குப் பஜ்ஜிப் புகைதான் காரணம் என்றார். பூதம் அந்த இடத்திலேயே கரியாயிற்று.

அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. "அந்தக் கேடயம் போனப்போ அடுத்தது நீதான்னு நினைச்சேன்டா அருளு" என்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் மாமா. "நீ பின்னாடி இருக்கேங்கிற தைரியம்தான்" என்கிறார் அப்பா. ஆறு மாதமாக இருவர் பின்னாலும் ஒருவரும் இல்லை. புதையலைப் பங்கு போட உட்கார்ந்தபோது அம்மா கரண்டியோடு வந்து, "என் பங்கு எவ்வளவு?" என்று கேட்டாள். புத்தகத்தைப் பார்த்தேன். விளக்குப் பிடிப்பவருக்குச் சண்டையில் வேலை இல்லை, ஆகவே புதையலில் பங்கும் இல்லை என்று தெளிவாக இருந்தது. வாசித்துக் காட்டினேன். "தினக்கூலிக்குப் பங்கு குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார் அப்பா. "முன்னுதாரணம் ஆயிடும்" என்றார் மாமா. ஒப்பந்தத்துக்குப் பிறகு இரண்டு சங்கமும் சேர்ந்து நிறைவேற்றிய முதல் தீர்மானம் இதுதான். "வெளிச்சம் இல்லாம என்னத்தைப் பாத்து அடிச்சிருப்பீங்க?" என்று அம்மா கேட்டாள். அதற்கு விதி எதுவும் இல்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ராமானுஜம் சார் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். மாமா சட்டைப் பையைத் தட்டி, "இதை நாளைக்குக் குடுக்கப் போறதில்லை" என்றார். கூடத்தில் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். ஆகவே சித்தப்பா, தங்கள் பெட்டி ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்டது. இதன் இரண்டாம் பாகம் கிடைத்தால் அவசியம் அனுப்பி வைக்கவும்.

மாதா தங்களைக் கடலிலும் கரையிலும் காப்பாளாக. தங்கள் ஆசீரை வேண்டும்,

அன்பு மகள்,
அ. அக்னஸ், ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு: இரண்டாம் பாகம் வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன், மின்னலைப் பற்றித் தவறாக எழுதியிருக்கக்கூடாதே என்று விதிப்புத்தகத்தை ஒருமுறை சரிபார்த்தேன். மின்னல் சுவரில் பட்டால் வந்த வழியே திரும்பும் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. பூதத்துக்குப் பின்னால் சுவர் இருந்தது. நான்தான் வைத்தேன். ஆகவே மின்னல் திரும்பி வந்து மாமாவையும், விலகி மாமாவின் பக்கத்தில் வந்துவிட்ட அப்பாவையும் கொன்றுவிட்டது. உண்மையை மறைப்பதில்லை என்று மேலே வாக்குக் கொடுத்திருக்கிறேனே, கூடத்துக்குப் போய் அவர்கள் இருவரும் இறந்துவிட்டதை அறிவித்தேன்.

உடனே உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கியது. இருவரும் தோளோடு தோள் சேர்ந்து தரையில் உட்கார்ந்து, நிர்வாகம் உயிரைத் திருப்பித் தரும்வரை எழுந்திருப்பதில்லை என்றார்கள். "செத்தவன் எதுக்கு இங்க குடியிருக்கணும்? நாளைக்கு முதல் வேலையா அப்ளிகேஷனைக் குடுத்துடறேன்" என்று மாமா சட்டைப் பையைத் தட்டினார். அப்பா அவரைத் தடுக்காமல், "எனக்கும் ஒண்ணு எழுது" என்றார். கோஷம் போட்டார்கள். மும்தாஜ் ஆன்ட்டி இறந்தவர்களுக்கு மாத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்போது வீடு முழுவதும் இருட்டானது.

மாமா பழக்கத்தில் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே போர்டுக்குப் போனார். "ஃப்யூஸ் கேரியரைக் காணோம்டா" என்றார். "என் மடியில இருக்கு" என்றாள் அம்மா, இருட்டுக்குள் எங்கிருந்தோ. "லைன்ல நான் நிக்கிறேன். நான் என் வாயால சொன்னாத்தானே அண்ணே நீங்க கரன்ட் குடுக்கலாம்?"

அது மாமாவே சொன்ன விதி. "என்னம்மா வேணும்?" என்றார்.

"வீடு மாத்துற அந்தக் காகிதம் என் கைக்கு வரணும். எனக்கு ஒரு முழுப் பங்கு வேணும், எழுத்துல."

"பங்கைப் பத்தி நீ பேசாத அருளு, நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா. "இந்தா தங்கச்சி, காகிதம். ஃப்யூஸைக் குடு."

"இது எந்தக் காகிதம்னு இருட்டுல எனக்கு எப்படித் தெரியும்? மளிகைக் கடைச் சீட்டாக்கூட இருக்கும். வெளிச்சத்துல பாத்துத்தான் வாங்குவேன்."

"வெளிச்சம் வேணும்னா ஃப்யூஸ் வேணும்மா."

"ஃப்யூஸ் வேணும்னா காகிதம் வேணும்ணே."

இதை எழுதும் இந்த நிமிடம்வரை பேச்சுவார்த்தை இதே இடத்தில் நிற்கிறது. நான் இதை எழுத முடிவதற்குக் காரணம், சகுந்தலா தன் வீட்டிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டோடு இருட்டாக எங்கள் படியேறி உள்ளே வந்துவிட்டாள். ஒருவரும் பார்க்கவில்லை. என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு எனக்காக டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த டார்ச்சை அம்மாவிடம் கொண்டுபோய்க் காகிதத்தின் மேல் அடித்தால் எல்லாம் முடிந்துவிடும். அதை அவளிடம் சொன்னேன். "போறேன்" என்றாள். "ஆனா விளக்குப் பிடிச்சதுக்கு எனக்குப் பங்கு உண்டா, அக்னஸ்?"

விதிப்புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

"பாரு" என்றாள், டார்ச்சின் பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி. கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னிக்கவும் சித்தப்பா, விளக்கு அணைக்கப்பட்டுவிட்டது.